வறட்சியை முன்கூட்டியே சொல்லும் தொழில்நுட்பம்: மதுரை மாவட்ட விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் எங்கள் நிலம் இருக்கிறது. கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது, வானம் பார்த்த பூமிதான். பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், வானிலை அறிக்கையை வாசித்துச் சொல்வதும் பல வருடப் பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மழை பெய்யாவிட்டால் வறட்சி. இதைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் எதற்கு?

மழை பெய்யாதது வறட்சியின் தொடக்கம் மட்டுமே. புரட்டாசியில் ஒரே இரவில் இரண்டு உழவு மழை கொட்டிவிட்டு, அடுத்த இருபத்தைந்து நாள் வானம் வெளுத்துக் கிடந்தால் மாதக் கணக்கில் மழை 'இயல்பு' என்றே வரும். பூட்டை (கதிர்) வெளியே வருகிற நேரத்தில் சோளம் காய்ந்து போனது அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வறட்சியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: மழை குறைவது ஒன்று, மண்ணில் ஈரம் போய்ப் பயிர் வாடுவது ஒன்று, அணையும் கண்மாயும் கிணறும் வற்றுவது ஒன்று. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்றில்லை.

நம் மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் சேர்ந்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். இந்த நிலங்களுக்கு உயிர்த்தண்ணீர் பெரியாறு அணையிலிருந்தும் வைகை அணையிலிருந்தும் வருகிறது. பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு கேரள மலையில் இருப்பதால் அங்கே தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்தால், மேலூரில் ஒரு துளி விழாவிட்டாலும் நாற்றங்கால் பச்சையாக இருக்கும். அதே வாரம் சேடப்பட்டியிலும் கள்ளிக்குடியிலும் பருத்தி தலை தொங்கி நிற்கும். இரண்டையும் கூட்டி வகுத்து 'மதுரை மாவட்டம்' என்று ஒரே எண்ணைச் சொன்னால் அந்த எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. வறட்சிக் கணிப்பில் புதிதாக வந்திருக்கும் எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இது மாவட்டத்தோடு நிற்கிறதா, என் ஊர் வரைக்கும் இறங்கி வருகிறதா?

மழை எவ்வளவு குறைந்தால் 'குறைவு' என்று எழுதுகிறார்கள்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, நீண்ட கால சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை. 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை.

இதோடு 'தரப்படுத்திய மழைக் குறியீடு' என்று இன்னொன்று உண்டு. பல ஆண்டு மழையோடு ஒப்பிட்டு, இந்த ஆண்டுக் குறைவு அந்த இடத்தில் எவ்வளவு அபூர்வமானது என்று அது சொல்லும். குறியீடு மைனஸ் ஒன்றுக்குக் கீழே போனால் மிதமான வறட்சி, மைனஸ் இரண்டைத் தொட்டால் அதிதீவிரம். குற்றாலத்தில் 100 மி.மீ. குறைவதும் கள்ளிக்குடியில் 100 மி.மீ. குறைவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் இந்தக் குறியீட்டின் பயன்.

வறட்சி என்று அறிவிப்பது வானிலைத் துறையா?

இல்லை, அது மாநில அரசின் பொறுப்பு. வானிலைத் துறை மழைக் கணக்கு கொடுப்பதோடு சரி. 2016க்குப் பிறகு அவர்கள் தங்கள் அறிக்கைகளில் வறட்சி என்ற சொல்லையே விட்டுவிட்டு 'பற்றாக்குறை' என்றுதான் எழுதுகிறார்கள்.

மாநில அரசு எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு, மத்திய வேளாண் அமைச்சகம் 2016 டிசம்பரில் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு இருக்கிறது. முதலில் மழையைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு குறைந்தது, இடைவெளி எவ்வளவு. பருவம் தொடங்க வேண்டிய நாளுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று நான்கு வாரம், வாரா வாரம் வழக்கமான மழையில் பாதிகூட இல்லை என்றால் அது வறண்ட இடைவெளி. இந்தக் கட்டத்தைத் தாண்டினால் அடுத்து நான்கு வகைத் தாக்கங்கள்: விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர் நிலை, மண் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு. இவற்றில் மூன்றையாவது எடுத்துப் பார்த்து வறட்சி மிதமா, கடுமையா என்று முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் பத்து சதவீதக் கிராமங்களில் வயலில் இறங்கிச் சரிபார்க்க வேண்டும். அறிவிப்பு மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வட்டம் அல்லது ஒன்றியம் அளவிலும் செய்யலாம். இந்த ஒரு வரியை எல்லா விவசாயிகளும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குறைதீர்க்கும் கூட்டத்தில் பேசும்போது இதுதான் கைகொடுக்கும்.

வறட்சியை அறிவிப்பதற்கான காலக்கெடு காரீஃப் (தென்மேற்குப் பருவமழைப் பட்டம்) பருவத்துக்கு அக்டோபர் 30, ராபி (அதை அடுத்து வரும் குளிர்காலப் பட்டம்) பருவத்துக்கு மார்ச் 31. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20ஐ ஒட்டித்தான் என்பதால், பெரும்பாலும் நமக்குப் பொருந்துவது இரண்டாவது கெடு. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் அறிவித்தார். அந்தத் தை மாதத்தில் எங்கள் ஊரில் மாட்டுக்கு வைக்கோல் வாங்க முடியாமல் உழவு மாட்டையே விற்றவர்கள் இருக்கிறார்கள். கார்த்திகை முதல் வாரத்திலேயே பயிர் போய்விட்டது எங்களுக்குத் தெரியும். அறிவிப்பு வந்து சேர்ந்தபோது தொழுவம் காலியாகிவிட்டிருந்தது. முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அடித்துப் பேசுவதற்குக் காரணம் அந்தக் காலித் தொழுவங்கள்தான்.

செயற்கைக்கோள் அங்கிருந்து என்னதான் பார்க்கிறது?

பச்சையைப் பார்க்கிறது. செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலைக்கு அந்தத் தெம்பு குறைந்துவிடும். இரண்டு ஒளியையும் ஒப்பிட்டுப் 'பசுமைக் குறியீடு' போடுகிறார்கள். இந்த வாரப் பசுமை, கடந்த பல ஆண்டுகளில் இதே வாரத்தில் இருந்த மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். 60க்கு மேல் இயல்பு, 40 முதல் 60 வரை மிதமான வறட்சி, 40க்குக் கீழே கடுமை.

இந்த வேலை இந்தியாவில் 1989இல் தொடங்கியது. விண்வெளித் துறை நடத்திவந்த தேசிய வேளாண் வறட்சிக் கண்காணிப்பு முறை, பிறகு 2012இல் டெல்லியில் தொடங்கப்பட்ட மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையத்தின் கைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'கிருஷி டி.எஸ்.எஸ்.' என்ற இணையதளத்தை மத்திய வேளாண் அமைச்சகம் தொடங்கியது. செயற்கைக்கோள் படம், வானிலை, அணை இருப்பு, நிலத்தடி நீர், மண் விவரம் எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வறட்சிக்கு என்றே அதில் தனிப் பகுதி இருக்கிறது.

இதில் நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. அது சீமைக்கருவேலம். சோளம் கருகி, பருத்தி உதிர்ந்து, ஆடு மேயப் புல்லில்லாத மாசி மாதத்திலும் தரிசிலும் கண்மாய்க்குள்ளும் அது பச்சையாக நிற்கும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அதுவும் பச்சை. பயிர் நிலத்தை மட்டும் தனியே பிரித்து எடுத்துத்தான் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள் என்றாலும், நாலு வருடமாக உழாமல் கருவேலம் ஏறிப்போன காடு பழைய கணக்கில் பயிர் நிலமாகவே இருந்தால் என்ன ஆகும்? வயலில் இறங்கிச் சரிபார்க்கிற பத்து சதவீதத்தை ஒப்புக்குச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டிருக்குமே, அப்போது எப்படிப் படம் எடுப்பார்கள்?

சரியான கேள்வி. நமக்கு மிக முக்கியமான இரண்டு மாதங்களில் சாதாரணக் கேமராச் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும். ரேடார் செயற்கைக்கோள் அந்தக் குறையைத் தீர்க்கிறது. அது தானே ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கிறது. மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்ட இஸ்ரோவின் இ.ஓ.எஸ்.-04 இந்த வகை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. அது 12 நாளைக்கு ஒரு முறை அதே இடத்தைத் திரும்பப் பார்க்கும், மண் ஈரத்தையும் கணிக்கும். ரேடார் படத்தை வைத்து நெல் பரப்பைக் கணக்கிடும் வேலையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

ஆனால் இந்த அலைகள் அறிவது மேல்மண்ணின் சில சென்டிமீட்டர் ஈரத்தைத்தான். செம்மண்ணில் அது ஓரளவுக்குப் போதும். கரிசல் அப்படியில்லை. மேலே பொருக்கு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போதும் ஒரு முழம் தோண்டினால் கையில் உருண்டை பிடிக்கிற ஈரம் இருக்கும். மேலே நனைந்து கீழே காய்ந்திருப்பதும் உண்டு. வேர் எங்கே இருக்கிறதோ அந்த ஆழத்து ஈரத்தைக் கணினி மாதிரிகள் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்குக்கு உள்ளே போகிற மழை அளவு சரியாக இருந்தால்தான் வெளியே வருவதும் சரியாக இருக்கும். ஆக, சுற்றிச் சுற்றி மழைமானிக்கே வந்து நிற்கிறோம்.

நம் ஒன்றியத்தில் மழைமானி இருக்கிறதா? அதை நம்பலாமா?

மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை மழைமானிகள் பழையவை. காலை 8.30 மணிக்கு ஆள் போய் அளந்து எழுதுவார். வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானியங்கி வானிலை நிலையங்களை மாநிலம் முழுவதும் அமைத்தது. தமிழக அரசும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் திட்டத்தை எடுத்தது. மத்திய அரசு 2023இல் தொடங்கிய 'விண்ட்ஸ்' திட்டத்தின் இலக்கு ஒன்றியத்துக்கு ஒரு வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு மழைமானி. ஊராட்சிக்கு ஒன்று என்ற அந்த இலக்கை நான் மனதார வரவேற்கிறேன். நம் பக்கத்து மழை, ஓடைக்கு இந்தக் கரையில் பெய்து அந்தக் கரையில் பெய்யாமல் போகிற மழை.

நம்பலாமா என்றால், கருவியை நம்பலாம், பராமரிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஓர் ஐப்பசி மாலை எங்கள் பக்கம் நல்ல மழை. எங்கள் வீட்டுத் தகரக் குவளையில் 31 மி.மீ. நின்றது. அருகில் ஓர் அலுவலக வளாகத்திலிருந்த தானியங்கி மழைமானியின் பதிவில் அன்றைக்கு 4 மி.மீ. மறுநாள் சொட்டு மழையில்லை, ஆனால் பதிவில் 2 மி.மீ. அதற்கு மறுநாளும் 2. எனக்கு மண்டை குடைந்தது, நேரில் போய்ப் பார்த்தேன். மழைமானிக்கு மேலே வேப்பங்கிளை கவிந்திருந்தது. புனலுக்குள் பழுப்பு இலையும் காக்கை எச்சமும் சேர்ந்து களியாக அடைத்துக்கொண்டு, அதன் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. அது வடிகட்டி வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியதைத்தான் உள்ளேயிருந்த சின்னத் தராசு இரண்டு நாளாக மழை என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு ஒன்றியத்தின் வறட்சிக் கணக்கு அந்த உள்ளங்கையளவு குப்பைக்குள் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

அடுத்த பருவம் எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் முன்னால் சொல்ல முடியும்?

மூன்று தூரத்தில் சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது.

ஐந்து நாள் வரையிலான கணிப்பு நன்றாகத் தேறிவிட்டது. 2024 அக்டோபர் 24 முதல் ஊராட்சி அளவிலேயே இந்தக் கணிப்பைக் கொடுக்கிறார்கள். 2025 மே 26 அன்று தொடங்கப்பட்ட 'பாரத் முன்கணிப்பு முறை' நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. முன்பு இது 12 கிலோமீட்டர். உரம் போடுவதா, மருந்து தெளிப்பதா, களை வெட்டுவதா என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம்.

அடுத்த நான்கு வாரத்துக்கான கணிப்பு வியாழன்தோறும் வருகிறது. வறட்சிக்கு மிகவும் உபயோகமானது என்று நான் நினைப்பது இதைத்தான், ஏனோ நம் ஊர்களில் இதைப் பேசுவாரே இல்லை. முதல் இரண்டு வாரத்துக்கு ஓரளவு நம்பலாம், அதற்கு மேல் போகிற போக்கைக் காட்டும். புழுதி விதைப்புப் போடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் விதையை மண்ணில் போட வேண்டாம். ஒரு மழையில் முளைத்து அடுத்த மழை வராமல் முளை கருகினால் விதை, உழவு, கூலி எல்லாம் சேர்ந்து போகும்.

பருவம் முழுமைக்குமான கணிப்பு செப்டம்பர் கடைசியில் வரும். வடகிழக்குப் பருவமழைக்கு அது தென்னிந்தியாவின் ஐந்து வானிலை உட்கோட்டங்களைச் சேர்த்துச் சொல்லப்படுவது. அதன் சராசரி 334 மி.மீ., 88 முதல் 112 சதவீதம் வரை இயல்பு. 'இயல்பான மழை' என்று செய்தி வந்தால் அது கேரளம், ராயலசீமா எல்லாம் சேர்ந்த கணக்கு. அதை நம்பி உசிலம்பட்டியில் கடன் வாங்கி விதைக்க முடியாது.

எல் நினோ வந்தால் வறட்சி என்கிறார்களே?

எல் நினோ என்பது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. அது வந்தால் வறட்சி என்பது வட இந்தியாவுக்குப் பெரும்பாலும் உண்மை. தென்மேற்குப் பருவமழையை எல் நினோ கெடுக்கும். 1876 முதல் 1878 வரை நம் பாட்டன் பூட்டனை வதைத்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய எல் நினோ இருந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பல சமயம் துணை செய்கிறது. 2015 எல் நினோ ஆண்டில் சென்னை மூழ்கியது. அதற்கு எதிரான, அதே கடல் குளிர்கிற லா நினா பக்கம் கடல் சாய்ந்திருந்த 2016இல் நாம் காய்ந்தோம். இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலையும் அதில் சேர்ந்து விளையாடுகிறது. தொலைக்காட்சியில் 'லா நினா, நாட்டுக்கு நல்ல மழை' என்று சொல்லும்போது மதுரைக்காரர்கள் சற்று நிதானிக்க வேண்டும். பெரியாற்றுப் பாசனக்காரருக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம், ஏனென்றால் அவருக்குத் தண்ணீர் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை. மானாவாரிக்காரருக்கு அதே செய்தி எச்சரிக்கை.

செயற்கை நுண்ணறிவு இதில் எதையாவது மாற்றுகிறதா?

மாற்றத் தொடங்கியிருக்கிறது. 2025இல் பருவமழை தொடங்கும் நாளையும் இடையில் அது நிற்கப்போவதையும் இந்த முறையில் கணித்து, 13 மாநிலங்களில் ஏறத்தாழ 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அது தென்மேற்குப் பருவமழைக்கு. அதே உழைப்பு ஐப்பசி மழைக்கும் வேண்டும். ஒரு வருத்தமும் உண்டு: நாடு முழுவதும் 199 மாவட்டங்களிலிருந்த வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024இல் மூடினார்கள். கணினி சொல்வதை 'இந்த வாரம் விதைக்காதீர்கள்' என்று ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் குறைத்தது தவறு.

கிணறு வற்றப்போவதையும் முன்னால் சொல்வார்களா?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. தானாக அளந்து அனுப்பும் கருவிகளும் ஆழ்துளைகளில் வந்துகொண்டிருக்கின்றன. தமிழகத்தில் நிலத்தடி நீர் மதிப்பீடு பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்) அளவில் நடப்பது நமக்கு நல்லது. உங்கள் பிர்கா 'அதிநுகர்வு' என்ற பிரிவில் இருந்தால், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் சேர்கிற அளவைவிட எடுக்கிற அளவு அதிகம் என்று பொருள். அங்கே புதிதாக ஆழ்துளை போடக் கடன் வாங்க வேண்டாம்.

செயற்கைக்கோள் வறட்சி என்று சொன்னால் காப்பீட்டுத் தொகை தானாக வருமா?

வராது. பயிர்க் காப்பீட்டில் வறட்சி என்பது உங்கள் தனி வயலுக்கான கணக்கில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம், மற்ற பல பயிர்களுக்குப் பிர்கா என்று பரப்பு வகுத்திருப்பார்கள். அந்தப் பரப்பு முழுவதன் விளைச்சல்தான் கணக்கு. எங்கள் திண்ணையில் அதிகம் பேர் குழம்புவது, சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியில். அது ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது போன்ற தனி வயல் சேதத்துக்கு உரியது. வறட்சிக்கு அந்த ஓட்டம் தேவையில்லை.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மழையில்லாமல் அந்தப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். பயிர் நடுவில் வாடி, விளைச்சல் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், வரவேண்டிய இழப்பீட்டில் 25 சதவீதத்தை முன்பணமாகக் கொடுக்க வழியிருக்கிறது. மழைப் பதிவும் செயற்கைக்கோள் படமும் உதவுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

அரசின் பேரிடர் நிவாரணம் தனி. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் போனால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை என்பது 2022 முதல் 2026 வரைக்கான விதி. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் ஏறியிருந்தால்தான் இரண்டும் கிடைக்கும். விதைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பார்த்துவிடுங்கள்.

கைப்பேசியில் எதைப் பார்ப்பது?

மேகதூத் செயலியில் மாவட்ட வானிலையும் பயிர் ஆலோசனையும் தமிழிலேயே வரும். செவ்வாயும் வெள்ளியும் புதுப்பிப்பார்கள். தமிழக அரசின் உழவன் செயலியும் இருக்கட்டும். டி.என்.அலர்ட் செயலியில் மழை அளவு பார்க்கலாம்.

எங்கள் ஊர் மழையை நாங்களே அளக்க முடியுமா? அதை அதிகாரிகள் மதிப்பார்களா?

அளக்க முடியும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரக் குவளை போதும். மரம், சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, வெட்டவெளியில், காற்றில் சாயாமல் கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை 8.30க்கு உள்ளே ஸ்கேல் விட்டுப் பார்த்து எழுதுங்கள். ஒரு மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். மழையில்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இடைவெளி எத்தனை நாள் என்பதை அந்தப் பூஜ்யங்கள்தான் சொல்லும். என் அப்பா நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினார், இன்று அது ஆறு நோட்டு.

சட்டப்படி அது ஆதாரம் ஆகாது. ஆனால் அந்த வேப்பமரத்தடி மழைமானிக் கதை அதோடு முடியவில்லை. அந்த மாதக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் எங்கள் குவளைக் கணக்கு, எதிர்ப் பக்கம் இணையத்திலிருந்து எழுதிய மழைமானிக் கணக்கு, நாள்வாரியாக முப்பது வரிகள். மேடையிலிருந்த ஓர் அதிகாரி அதை வாங்கி, மழையில்லாத நாட்களில் வந்த 2 மி.மீட்டர்களைப் பேனாவால் வட்டமிட்டார். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கிளையை வெட்டியிருந்தார்கள், புனல் கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. அடுத்த மழையில் எங்கள் குவளையில் 18 மி.மீ., அவர்கள் பதிவில் 17.